பஸ் வரும்வரை உள்ளான் எண்ணலாம்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், அப்பா பெயர், மதிப்பெண், சான்றிதழ் எண் என்று நிரப்பிக்கொண்டே வந்தால் கடைசிக்கு முந்தின வரியில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு கட்டம். பக்கத்தில் இருந்தவளை எட்டிப் பார்த்தேன். ‘புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது’ என்று எழுதியிருந்தாள். நானும் அதையே எழுதினேன். அவள் யாரைப் பார்த்து எழுதினாளோ, அந்த வகுப்பில் அறுபது பேரும் புத்தகம் படித்துப் பாட்டுக் கேட்கிறவர்களாகத்தான் அன்றைக்குப் பதிவானோம்.

அது 2012. ராமநாதபுரத்தில் பி.காம். ஊர், மண்டபம் போகும் சாலையில் ஒரு சின்னக் கடலோரக் கிராமம். அப்பா நாட்டுப்படகில் போகிறவர், அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவள். இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். நடுவில் பறவை பார்க்கும் பழக்கமும் பார்த்ததை நோட்டில் வரையும் பழக்கமும் ஒட்டிக்கொண்டன, இன்றுவரை விடவில்லை. அந்தக் கட்டத்தில் உண்மையாகவே ஏதாவது எழுத வேண்டும் என்று நினைக்கும் முதல் வருடப் பிள்ளைகளுக்கு, அதிலும் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் பஸ் ஏறிப் படிக்க வருகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். தெருவுக்கு ஒரு பாட்டு வகுப்பு நடக்கிற பெரிய ஊரில் படிப்பவர்களுக்குச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்

இதை முதலிலேயே கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், பஸ் காசையும் எண்ணிக் கொடுக்கிற வீடுகளிலிருந்துதான் நம்மில் பாதிப் பேர் வருகிறோம்.

மூன்றாம் செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர் விழுந்தது. வீட்டில், வகுப்பில், பஸ்ஸில், சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லாரும் அதையே கேட்டார்கள். அந்த வாரச் சனிக்கிழமை சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையில் நின்றபோது, அங்கே வழக்கமாகப் பார்க்கும் மாடு மேய்க்கிற தாத்தா ஒருவர், “என்னப்பு, போன வாரம் வந்த கூழைக்கடா இருக்கா, போயிருச்சா?” என்று கேட்டார். அரியர் பற்றித் தெரியாத, தெரிந்தாலும் கவலைப்படாத ஒருவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் இருபத்திமூன்று இருக்கிறது என்றேன், அவர் இல்லை, அந்தப் பக்கம் மரத்துக்குப் பின்னால் இன்னும் நாலு உட்கார்ந்திருக்கிறது என்றார். பத்து நிமிடம் அதைத்தான் பேசினோம். கல்லூரியில் நம்மை அளக்க மதிப்பெண் என்ற ஒரே படிதான் உண்டு. அதில் குறைந்தால் மொத்தமாகவே குறைந்துபோன மாதிரி இருக்கும். அந்தப் படி செல்லாத ஓர் இடம் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இந்தக் கரையில் கலாம் பெயரைச் சொல்லாமல் யாரும் மேடை இறங்குவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். பேக்கரும்பு நினைவிடத்தில் அவர் வீணையோடு இருக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த நாளில், நம் விமானத்தை நாமே கட்டுவதைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டியில் முதல் பரிசும் வாங்கியிருக்கிறார். ஆனால் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்குப் பிடித்த உதாரணம் சர் சி.வி. ராமன். அவர் 1907இல் கல்கத்தாவில் அரசு நிதித்துறையில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தவர். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் ஒரு அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் போய் வீணையையும் வயலினையும் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து வருடம் இப்படி. 1917இல்தான் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். 1920இல் மிருதங்கத்திலும் தபலாவிலும் மட்டும் ஏன் சுரம் சுத்தமாக வருகிறது என்று எழுதினார், நடுவில் பூசும் கருப்பு மருந்துதான் காரணம். அடுத்த வருடம் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துக் கிளம்பிய கேள்வி 1930இல் நோபலில் போய் முடிந்தது. நமக்கு நோபல் வராது, சரி. கடலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க அதிகாரி வேலை தடையில்லை என்பது மட்டும் போதும்.

முதலில்: காத்திருக்கும் இடத்தைப் பாருங்கள்

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கைப்பேசியில் தேடாதீர்கள். அங்கே கிதார், ஸ்கேட்டிங், மண்பாண்டம் என்று வரும், மூன்றுக்கும் உச்சிப்புளியில் வகுப்பு கிடையாது. அதைவிட, தினமும் எங்கே சும்மா நிற்கிறீர்கள், அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நான் நின்றது பஸ் ஸ்டாப்பில். பின்னால் ஒரு பள்ளம், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் தை மாசிவரை வற்றாது. அதில் சின்னச் சின்னதாகக் குருவிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பஸ் நாற்பது நிமிடம் வரவில்லை. கோபத்தில் அவற்றை எண்ண ஆரம்பித்தேன். வீட்டில் வந்து அப்பாவிடம் கேட்டால், சிரித்துக்கொண்டே, “அது உள்ளான். அந்த வெள்ளை வயிறு, கழுத்துல பட்டை போட்டது உப்புக்கொத்தி” என்றார். பி.காம். படிக்கிற பெண்ணுக்குத் தெரியாத பெயர் எட்டாவதோடு நிறுத்திய அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கடலில் ஆலா எங்கே கூட்டமாக விழுகிறதோ அங்கே கீழே மீன் மொய்க்கிறது என்று பார்த்து வலை போடுகிற ஆளிடம் நான் இருபது வருடம் ஒரு பறவையைப் பற்றியும் கேட்டதில்லை.

உங்களுக்குப் பறவை ஒத்துவராமல் போகலாம். சாயல்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே பனை இருக்கிறது, பாட்டி ஒருத்தி இன்னும் கொட்டான் என்கிற ஓலைப்பெட்டி முடைகிறாள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஒரே அகலத்தில் வார்ந்து, தண்ணீர் தெளித்துப் பதம் பார்ப்பதற்கே ஒரு மாதம் பழக வேண்டும், அதற்குப் பிறகு கை தானாக ஓடும். பாம்பனில் 2016இலிருந்து 90.4இல் கடல் ஓசை என்ற சமூக வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது, பேச வருகிறவர்கள் அங்கே போய் எப்படி நிகழ்ச்சி செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கீழக்கரையிலிருந்து வந்த என் தோழிக்குத் தொதல் என்ற இனிப்புக் கிண்டுவதுதான் பொழுதுபோக்கு. அவள் உம்மாவிடம் கற்றுக்கொண்டது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் திரண்டு வரும்வரை மணிக்கணக்கில் கையை எடுக்காமல் கிண்ட வேண்டும், அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு பாடம் முழுதாக ஓட்டிவிடுவேன் என்பாள். சிலம்பம், மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு, படகு பொம்மை செய்வது, தமிழ் விக்கிப்பீடியாவில் சொந்த ஊரைப் பற்றி எழுதுவது, எதுவானாலும் ஒரே ஒரு சோதனைதான்: இதற்காக நீங்கள் தனியாகப் பஸ் ஏற வேண்டியிருந்தால் முதல் வருடத்துக்கு அது வேண்டாம். ஏற்கெனவே போகிற வழியில் இருப்பதாகப் பாருங்கள்.

நேரம் ஒதுக்குவது என்ற பேச்சு

நேரம் ஒதுக்குங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். காலை ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பி இரவு ஏழுக்கு வீடு வந்து, தண்ணீர் பிடித்து, தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் எங்கிருந்து ஒதுக்குவாள்? ஒதுக்க வேண்டாம், ஏற்கெனவே வீணாகும் நேரத்தைப் பிடியுங்கள். நான் முதல் வருடம் முழுக்கப் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தைத்தான் பயன்படுத்தினேன். அது தவிர வாரத்தில் ஒரே ஒரு நாள், சனிக்கிழமை காலை, ஒரு மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்த என் வகுப்புத் தோழர்கள் தீபாவளிக்குள் நிறுத்திவிட்டார்கள்.

ராமேஸ்வரம் தீவிலிருந்து வந்த ஒருவன் ரயிலில் படிப்பான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அதற்குள் அவன் படிப்பெல்லாம் முடித்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான், ஆனாலும் பழக்கம் விடவில்லை. பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும் என்பதால் அந்த இரண்டு வருடமும் காதில் கேட்கிற புத்தகங்களுக்கு மாறினான். பழக்கம் வண்டியில் தொற்றிக்கொள்ளட்டும், வண்டி மாறினால் உருவம் மாறிக்கொள்ளும்.

காலக்கணக்கு இன்னொன்று. நம் ஊரில் எல்லாம் காற்றுதான் தீர்மானிக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், பாக் நீரிணைப் பக்க வடகடல் குளம் மாதிரி இருக்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் அப்படியே நேர்மாறு. தனுஷ்கோடியில் சுற்றுலா வருகிறவர்களிடம் இது பெண்கடல், அது ஆண்கடல் என்று கதை சொல்வார்கள், கார்த்திகையில் வந்து பார்த்தால் பெண்கடல் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். கரையில் உட்கார்ந்து வரைவதோ, பாட்டுப் பதிவு செய்வதோ, நீச்சல் பழகுவதோ எதுவானாலும் அந்தந்த மாதம் அமைதியாக இருக்கிற பக்கம் போங்கள்.

உள்ளான் வகைகள் புரட்டாசி வாக்கில் வடக்கேயிருந்து வர ஆரம்பித்துப் பங்குனியில் கிளம்பும். கண்மாய்ப் பறவைகளுக்கு மார்கழி, தை நல்ல நேரம். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரையும் மழைக்குப் பிறகுதான். நவம்பரில் ஒரு செமஸ்டர் தேர்வு, ஏப்ரலில் ஒன்று. நடுவில் பொங்கல் விடுமுறை சும்மா கிடக்கிறது. 2015இலிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததைப் பட்டியலிட்டு, இபேர்ட் செயலியில் ஏற்றுவது. கட்டணம் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பொங்கல் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

மறந்துவிடப் போகிறேன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும், ஆட்கள் வலை பொத்துவதும் மரம் இழைப்பதும் பெயின்ட் அடிப்பதுமாக இருப்பார்கள். உங்கள் கோடை விடுமுறையும் அதேதான். வருடம் முழுக்க, ராத்திரி போய்விட்டு வந்து தூங்குகிற அண்ணனை எழுப்பி அம்பாப் பாட்டுப் பாடச் சொன்னால் அடிக்காமல் விடமாட்டார், மே மாதம் வேப்பமரத்தடியில் கேட்டுப் பாருங்கள், பத்துப் பாட்டு வரும்.

தெரிந்த ஒரு ஆள்

வீடியோ பார்த்துக் கற்பது தப்பில்லை, ஆனால் தப்பைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். அவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. எனக்கு மூன்று பேர்: அப்பா, கண்மாய்த் தாத்தா, விலங்கியல் துறையில் படித்த ஒரு அக்கா. அக்கா பெயர் வைத்து அடையாளம் சொல்வாள், தாத்தா எந்த மரத்தில் கூடு என்பார், அப்பா அது எப்போது வரும், எந்தக் காற்றில் போகும் என்பார். மூன்றையும் சேர்த்து எழுதிய என் நோட்டு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, இதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

பெரியவர்களிடம் போகும்போது கைப்பேசியை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் நாள் பேசிவிட்டு மட்டும் வாருங்கள். இரண்டாம் நாள் டீ வாங்கிக் கொடுங்கள். மூன்றாம் நாள் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். அவர்கள் பாட்டை எங்காவது ஏற்றினால் அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் பெயரையும் போட்டு ஏற்றுங்கள்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய அந்த நிலையத்தின் தலைமையகம் முன்பு இங்கேதான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் மீன் வரைய விரும்புகிறவர்கள் ஒரு முழு நாள் நிற்கலாம். மீன் ஓடாது, அதுதான் வசதி.

சாமானும் உப்புக்காற்றும்

முதல் மூன்று மாதம் எதுவும் வாங்காதீர்கள். ஒரு பைண்டிங் நோட்டு, ஒரு பென்சில், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்தும் ஆசை இருந்தால், பறவை பார்ப்பவர்கள் 8×42 அளவில் ஒரு பைனாகுலர் வாங்கலாம். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர், விடிகாலை மங்கல் வெளிச்சத்திலும் தெரியும். பத்து, இருபது மடங்கு என்று ரோட்டோரத்தில் விற்பதை வாங்கினால் கை ஆடும் ஆட்டத்தில் கொக்கும் காக்காயும் ஒன்றாகத் தெரியும். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது இன்னும் நல்லது.

இப்போது என் கதை. இரண்டாம் வருடம் ஒரு அண்ணனிடம் கேமரா இரவல் வாங்கினேன். கார்த்திகை மாதம், மழை. நனைந்த மழைக்கோட்டையும் கேமராவையும் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் லென்சுக்குள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்ய ஆன செலவை உதவித்தொகையிலிருந்து ஆறு மாதம் கட்டினேன். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கரையிலிருந்து வந்ததும் லென்சைத் துப்பட்டாவால் துடைக்காதீர்கள். அதில் இருப்பது மணலும் உப்புத் தூளும், தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி மணலைத் தள்ளுங்கள், பிறகு லேசாக ஈரம் பட்ட பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், உப்பு ஈரத்தில்தான் கரையும், அப்புறம் காய்ந்த துணி. வைக்கும் இடம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல். நிறம் மாறுகிற வகை வாங்கினால், ஈரம் குடித்து நிறம் மாறியதும் வாணலியில் மெதுவாகச் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், அந்த வாணலியில் மறுபடி சமைக்க வேண்டாம். கிதார், வயலின் வாசிப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைத் துடையுங்கள், கரையோர வீட்டில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வரைகிறவர்கள் ஜெல் பேனாவை வீட்டில் வைத்துவிடுங்கள். கரையில் தாள் தானாகவே நமுத்துப்போகும், மை பரவும், பென்சிலுக்கு அந்தக் கவலை இல்லை. ஒலிப்பதிவுக்குக் காற்றுதான் எதிரி: கைப்பேசியின் மைக் மேல் கம்பளித் துணியோ மொத்தமான சாக்ஸோ மாட்டுங்கள், சுவரோ படகோ மறைவாக இருக்கிற பக்கம் உட்காருங்கள், காற்று எழுவதற்கு முன் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

வீட்டில் சொல்வது

பெண்பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய படி. “பொட்டப்பிள்ள கம்மாக்கரையில நின்னு கொக்கப் பாக்குதாம், எவன் கட்டுவான்” என்று பக்கத்து வீட்டுச் சித்தி சொன்னது எனக்கு இன்றைக்கும் வரிக்கு வரி ஞாபகம். அம்மா அன்றைக்கு என்னைத்தான் திட்டினாள். நான் சண்டை போடவில்லை, அடுத்த வாரம் அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். பாசிக்குப் போகிறவள், இடுப்பளவு தண்ணீரில் பாதி நாள் நிற்கிறவள், அவளுக்குக் கரையில் சும்மா உட்கார்ந்து ஒன்றைப் பார்த்துப் பழக்கமே இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தாள். வரும்போது, “அந்தச் செவப்புக் கால்காரி ஒத்தக் கால்ல எம்புட்டு நேரம் நிக்கிறா” என்றாள். பவளக்கால் உள்ளானைச் சொன்னாள். அதற்குப் பிறகு சித்திக்குப் பதில் சொல்லும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறோம் எப்போது வருவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் இருட்டும்வரை நிற்க வேண்டாம், அங்கே தண்ணீரில் இறங்கவும் வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

தெரியாமல் செய்து மாட்டிக்கொள்ளக் கூடியவை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தெரிந்த படகு இருக்கிறது என்று நினைத்த தீவில் இறங்கிவிட முடியாது. குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகில் கூட்டிப்போகிறது, அப்படிப் போங்கள். வடக்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் போய்வரவும் வனத்துறை ஏற்பாடு உண்டு. கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டு அழகாக இருக்கிறதே என்று பையில் போடாதீர்கள், பவளமும் கடற்குதிரையும் கடல் அட்டையும் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, சில சங்கு வகைகளும் அப்படித்தான். சேகரிக்கிற ஆசை இருந்தால் படம் எடுத்துச் சேகரியுங்கள். ட்ரோன் வாங்கும் எண்ணம் இருக்கிறவர்களுக்கு: உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, இது எல்லைக் கடல், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் பொழுதுபோக்கு காவல் நிலையத்தில்தான் போகும்.

கல்லூரிக்குள்

பகுதி 5 என்று ஒன்று உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும், என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு என்று எதிலாவது சேர்ந்தே ஆக வேண்டும். என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வருடத்தில் 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் உண்டு. முகாமில் எல்லாரும் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, ஊர்க் கண்மாயில் என்ன பறவை வருகிறது என்று ஒரு பட்டியல் எடுக்கிறோம் என்று அலுவலரிடம் கேட்டோம், விட்டார். கேட்டால் விடுவார்கள், நாம்தான் கேட்பதில்லை. சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் 2025இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன, சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலேயே. இப்போது கேட்பது இன்னும் சுலபம்.

மன்றங்களில் சேரும் முன் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். நான் சேர்ந்த ஒன்றில் சந்தா வாங்கினார்கள், பேனர் கட்டினார்கள், விருந்தினருக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்தார்கள், வருடம் முடிந்தது. யாராவது எதையாவது செய்துகொண்டிருக்கும் மன்றத்தில் சேருங்கள், இரண்டு பேர் இருந்தாலும் சரி.

தேர்வு வந்தால் அடியோடு நிறுத்தாதீர்கள். அந்த மூன்றாம் செமஸ்டரில் நான் இரண்டு மாதம் நோட்டைத் தொடவில்லை, படிக்கிறேன் பேர்வழி என்று. அரியர் வந்தது வந்ததுதான். அதற்கடுத்த தேர்வுகளில் காலையில் பஸ் ஸ்டாப் எண்ணிக்கையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டேன், சனிக்கிழமையை வெட்டினேன்.

காசாக்குவது

மூன்றாம் வருடம் ஒரு நண்பன் சொன்னான், இவ்வளவு நன்றாக வரைகிறாய், கைப்பேசி உறையில் அச்சடித்து விற்கலாம் என்று. விற்றோம், விற்கவும் செய்தது. எல்லாருக்கும் பூநாரைதான் வேண்டும், இளஞ்சிவப்பாக, இதய வடிவில் கழுத்தை வளைத்து இரண்டு. நாற்பது தடவை அதையே வரைந்தேன். உப்புக்கொத்தியை ஒருவரும் கேட்கவில்லை. கையில் கொஞ்சம் பணம் வந்தது, பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பள்ளத்தைப் பார்க்கும் ஆசை போய்விட்டது. எட்டு மாதம் நோட்டைத் திறக்கவில்லை. சம்பாதிக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை, தேவை இருக்கிற வீட்டுக்கு அது சோறு. ஆனால் முதல் இரண்டு வருடம் விற்காதீர்கள், விற்க ஆரம்பித்த பிறகும் ஒரு நோட்டை யாருக்கும் காட்டாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும்போது

சுயவிவரத்தில் மறுபடியும் அதே கட்டம் வரும். இப்போது என்ன எழுதினாலும், ‘கடைசியாக எப்போது செய்தாய்’ என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும், அதுதான் அளவு. என் நேர்முகத்தில் ஆடிட்டர் சார் படித்துவிட்டு நிமிர்ந்து, “பறவை பார்ப்பியா? நேத்து என்ன பார்த்த?” என்றார். நேற்று ஒன்றும் பார்க்கவில்லை சார், சனிக்கிழமை முந்நூறு உள்ளான் பார்த்தேன் என்றேன். முந்நூறு என்று எப்படித் தெரியும் என்றார். பத்தை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பிடித்துக்கொண்டு, அதே அளவாகக் கூட்டம் முழுக்க நகர்த்திக்கொண்டே போக வேண்டும், பிறகு மறுமுனையிலிருந்து ஒருதரம், இரண்டும் ஒத்துவரவில்லையென்றால் மூன்றாவது தரம். அவர் அதற்கு மேல் பற்று வரவு பற்றி எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்கில் சரக்கு சரிபார்க்கப் போனோம். அட்டைப் பெட்டிகள் கூரைவரை. உள்ளே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாத குளிர். நான் பூநாரை எண்ணுகிற மாதிரிதான் எண்ணினேன், இந்தப் பக்கமிருந்து ஒருதரம், அந்தப் பக்கமிருந்து ஒருதரம். பதிவேட்டைவிட நாற்பது பெட்டி குறைந்தது. தேடினால் அடுத்த அறையில் வேறு அடுக்கோடு கலந்திருந்தது. பெரிய சாகசம் இல்லை, ஆனால் கூட வந்தவர்கள் அதற்குப் பிறகு எண்ணிக்கை என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், குளிரில் என்னைத் தள்ளுவதற்கு அது ஒரு சாக்கு என்றும் சந்தேகம் உண்டு.

மார்ச் மாதம் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் முகம் தொங்கிவிடும், கணக்கு முடிக்கும் மாதம். அந்த மாதத்தில்தான் உள்ளான்களும் கிளம்பும். மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு மொட்டைமாடியில் ஐந்து நிமிடம் நிற்பேன், அவ்வளவுதான் முடியும். இப்போது எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணனும் ஏறி வருகிறார், அவருக்குப் பருந்து மட்டும்தான் பிடிக்கும், உள்ளானைப் பறவையாகவே ஒப்புக்கொள்வதில்லை.

சரி, ஆரம்பிக்கிறவர்களுக்கு: வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு, உங்கள் ஊர் ஸ்டாப்பிலேயே நில்லுங்கள். நோட்டில் முதலில் தேதி, பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, பிறகு கண்ணில் பட்டது. பெயர் தெரியாவிட்டால் கால் நிறம், மூக்கு நீளம் எழுதினால் போதும், வீட்டில் வந்து அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுக்கொள்ளலாம். பென்சிலை முந்தின நாள் ராத்திரியே சீவி வையுங்கள்.